கூரையைக் கணக்கில் சேர்ப்போம்



வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் பெங்களூரு நெடுஞ்சாலையும் சந்திக்கும் நசரத்பேட்டையில் இந்தக் கருத்தரங்கு கூடியிருப்பது பொருத்தமே. சாலையோரம் தகரக் கூரைக் கிடங்குகள். சற்று உள்ளே போனால் ஒரு கிரவுண்டிலும் அரை கிரவுண்டிலும் எழுந்த மொட்டைமாடி வீடுகள். கட்டட எரிசக்தி என்றதும் நம் துறையில் பேசப்படுபவை இவையல்ல. சான்றிதழும் கேடயமும் கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் உள்ள கண்ணாடிக் கட்டடங்களுக்கே போகின்றன. வெயிலை உள்ளே விடும் சுவரைக் கட்டிவிட்டு, அந்த வெப்பத்தைச் சிக்கனமாக வெளியேற்றும் இயந்திரத்துக்குப் பரிசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னையின் மேற்குப் புறநகரில் மின்சாரம் மிச்சமாவதும் வீணாவதும் பெரும்பாலும் மொட்டைமாடியில்தான் முடிவாகிறது. அந்த மொட்டைமாடியை நம் விதிகள் கண்டுகொள்ளவில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியிலிருந்து ஏறத்தாழ பத்துப் பாகைக்கு மேல் விலகுவதில்லை. எனவே கோடையில் எந்தச் சுவரையும்விடக் கூரைதான் அதிகம் காய்கிறது. ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளம் வாங்கிய வெப்பத்தை உடனே கீழே விடுவதில்லை. நான்கைந்து மணி நேரம் தாமதித்து, மாலையில் தொடங்கி இரவு வரை விட்டுக்கொண்டிருக்கிறது. அதாவது குடும்பம் வீடு திரும்பி, படுக்கை விரிக்கும் நேரத்தில்தான் தளம் தன் வேலையை ஆரம்பிக்கிறது. ஏசியின் இயல்பு அளவாக 24 பாகை இருக்கவேண்டும் என்று 2020 முதல் விதி உள்ளது. நல்ல விதிதான். ஆனால் ஏசி குளிர்விப்பது காற்றை. தலைக்கு மேலே காய்ந்த தளம் உடம்பை நோக்கி நேராக அனல் வீசும்போது 24 போதாமல் 20க்கு இறக்குகிறார்கள். அதைப் பழக்கக் குறை என்று திட்டுவது நியாயமில்லை. கடற்காற்றும் இங்கே மெரினாவைப் போல் உதவுவதில்லை: கரையில் புகுந்தபின் நேரம் கழித்தே இந்தப் பக்கம் எட்டுகிறது, மேல்காற்று வலுத்த நாட்களில் எட்டாமலும் போகிறது. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்தச் சுமையில் கூரைகளுக்கும் பங்குண்டு.

விதிகளைப் பார்ப்போம். வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2007இல் வந்து 2017இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ இணைப்புச் சுமை உள்ள பெரிய கட்டடங்களே அதற்குள் வரும். வீடுகளுக்கென்று 2018இல் வெளியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரையின் வெப்பக் கடத்தல் சதுர மீட்டருக்கு, ஒரு பாகைக்கு 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்றது. வெறும் கான்கிரீட் தளத்தில் அது மூன்றுக்கும் மேல். ஆக, அளவுகோல் சரி. ஆனால் அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கென்று எழுதப்பட்டது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி வட்டாரத்தில் பெரும்பாலான வீட்டுமனைகள் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

சிறு மனையில் திசையைத் தேர்ந்தெடுக்க முடியாதே என்பார்கள். உண்மை. மனை எப்படி வெட்டப்பட்டதோ வீடும் அப்படித்தான். (போதாக்குறைக்கு வாஸ்து, பிற்பகல் வெயில் முழுதும் சேரும் கன்னி மூலையில்தான் பெரிய படுக்கையறை வேண்டும் என்கிறது.) நான் கூரையைப் பிடித்துக்கொள்வதும் இதனால்தான்: திசை எதுவானாலும் கூரை வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. மரபுக்குத் திரும்பினால் போதும் என்று சொல்வோரும் உண்டு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளத்தின்மேல் தட்டோடு பதிப்பது நல்ல முறை. மழைநீரைத் தடுக்கும், வெப்பத்தையும் ஓரளவு குறைக்கும். ஆனால் மூன்று நான்கு அங்குலத்தில் அது 1.2ஐ எட்டாது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வெப்பத்தடுப்புப் பலகை வேண்டும், அல்லது கூரைக்கு மேல் இன்னொரு கூரை வேண்டும்.

இரண்டாவது வழிக்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியின் பணி 1937இல் தொடங்கியது. ஜார்ஜ் நகாஷிமா களத்தில் நின்று நடத்தினார். அது மண் வீடல்ல, முழுக்க கான்கிரீட். தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையில் காற்று ஓட இடைவெளி. வடக்கிலும் தெற்கிலும் ஜன்னலுக்குப் பதில் திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள். ஏசி இல்லாமலே வாழத் தோதாக எழுந்த கட்டடம் அது. ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் கான்கிரீட் வீட்டுக்கு ஏசி தவிர வேறு கதியில்லை என்பவர்கள் அந்தக் கட்டடத்துக்குப் பதில் சொல்லட்டும்.

சூரியத் தகடு போட்டுவிட்டால் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வலுவானது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியமும் தருகிறது. ஆனால் ஏசி ஓடும் இரவில் தகடு மின்சாரம் தராது. அதே தகட்டை ஆள் நடமாடும் உயரத்தில் நிறுத்தினால் அடியில் காற்றோடும், தளத்துக்கு நிழலாகும். கோல்கொண்டேயின் இரட்டைக் கூரைதான் அது, கூடவே பகலில் மின்சாரமும் வரும். தகடு பொருத்துவோர் இதை விற்பனைப் பேச்சில் சொல்வதில்லை. செலவு பற்றிய தடை இன்னும் கடினமானது. கட்டி விற்பவர் மின்கட்டணம் கட்டுவதில்லை. வாடகைக்கு விடுபவரும் பெரும்பாலும் கட்டுவதில்லை. கட்டணம் கட்டுபவருக்குக் கூரையில் உரிமை இல்லை. சந்தை இந்த முடிச்சைத் தானாக அவிழ்க்காது. ஆகவே திட்ட அனுமதிப் படிவத்தில், மனையின் அளவு எதுவானாலும், கூரையின் வெப்பக் கடத்தல் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். சுவரும் ஜன்னலும் பிறகு வரட்டும். சிறு வீட்டுக்காரர்மீது விதித்தொகுப்பு முழுவதையும் ஏற்றினால் அது காகிதத்தில்தான் நிறைவேறும்.

அந்தக் கட்டத்தை எந்த எண்ணால் நிரப்புவது என்பதற்கு இந்த வட்டாரத்து அளவீடுகள் தேவை. வெள்ளைப் பூச்சு ஒரு வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது? கிடங்குத் தகரத்தின் அடியில் மே மாதப் பிற்பகலில் என்ன வெப்பம்? தட்டோடு பதித்த தளமும் பதிக்காத தளமும் இரவு பத்து மணிக்கு எப்படி வேறுபடுகின்றன? கட்டுரை வாசிக்கப்போகும் மாணவர்கள் கணினி மாதிரிகளோடு வந்திருப்பீர்கள். உங்கள் விடுதியின் மேல்மாடித் தளத்தில் அடுத்த கத்திரிக்கு முன் வெப்பமானிகளை ஒட்டுங்கள். அந்த எண்களோடு பூந்தமல்லி நகராட்சி அலுவலகத்துக்குப் போவோம்.