சரளைப் பாதையில் நிலமும் பொழுதும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் வட்டத்தின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. எனக்கு முன் பேசியவர்கள் அப்பணியைச் செவ்வனே செய்துவிட்டார்கள். ஆகவே, நான் என்னுடைய பிழை ஒன்றைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். இவ்வட்டத்தின் கூட்டமொன்றில் நான் படித்த கவிதையில் நேர்ந்த பிழை அது. அன்று கேட்டவர்களில் பலர் இன்றும் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் கைதட்டியதும் என் நினைவில் இருக்கிறது.

நியூசிலாந்தின் தென் தீவில் மத்திய ஓட்டாகோ என்னும் பகுதி உள்ளது. முன்பொருமுறை அவ்வழியே காரில் சென்றேன். மலையிடுக்கில் நீலநிறத்தில் ஓர் ஏரி. அதன் கரைகளில் திராட்சைத் தோட்டங்கள். அரைமணி நேரத்திற்குள் கடந்துவிட்டோம். ஊர் திரும்பியதும், உலகம் தோன்றிய நாளில் தேங்கிய நீர் என்று அந்த ஏரியைப் பாடினேன். மலைகள் முகம் பார்க்கும் ஆதிக் கண்ணாடி என்றும் எழுதினேன்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் அதே நிலத்தை மிதிவண்டியில் கடக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஏரி என்னைவிட வயதில் இளையது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

நான் சென்றது ஒரு பழைய இருப்புப்பாதையின் தடம். கடற்கரைச் சமவெளியிலிருந்து உள்நாட்டுக்கு இரயில் விடும் பணி 1879இல் தொடங்கியது. மிடில்மார்ச் என்ற ஊரை 1891இலும், கிளைடு என்ற ஊரை 1907இலும், குரோம்வெல்லை 1921இலும் அப்பாதை எட்டியது. குரோம்வெல்லை அடைய நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. பெரும்பகுதி வேலையும் மனிதக் கைகளால் நடந்தது. 1990இல் மிடில்மார்ச்சுக்கு அப்பாலுள்ள பகுதி மூடப்பட்டது, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 1993இல் அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்தத் தடத்தை வாங்கிச் சரளை பரப்பி, பாலங்களுக்குப் பலகையிட்டு, 2000ஆம் ஆண்டில் மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் குதிரைக்கும் உரிய வழியாகத் திறந்தது. மிடில்மார்ச்சிலிருந்து கிளைடு வரை 152 கிலோமீட்டர். மோட்டார் வாகனம் எதற்கும் அங்கே இடமில்லை.

தொடக்கத்தில் அப்பகுதி உழவர்கள் பலர் இதை எதிர்த்தார்கள். ஆட்டு மந்தைகளுக்கு நடுவே அயலார் வந்துபோனால் என்ன ஆகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. பின்னர் அவ்வூர்களிலேயே வழிப்போக்கர் தங்கும் விடுதிகள் தோன்றின. மூடிக்கிடந்த தேநீர்க்கடைகள் திறந்தன.

இரயிலுக்காகப் போட்ட பாதையாதலால் ஏற்றம் மிக மெல்லியது. முழங்காலுக்கு வருத்தமில்லை. ஆனால் சரளைக்கல் விரைவை அனுமதிப்பதில்லை. சக்கரத்தின் கீழ்க் கற்கள் நொறுநொறுவென்று பேசிக்கொண்டே வருகின்றன. தையரி ஆறு முதலில் துணைக்கு வருகிறது. பிறகு புல்வெளிகளின் ஊடே மெல்ல ஏறி, 618 மீட்டர் உயரமுள்ள முகட்டைத் தாண்டி, ஐடா பள்ளத்தாக்கில் இறங்குகிறோம். பூல்பர்ன் மலைப்பிளவில் இரண்டு சுரங்க வழிகள். கைவிளக்கின்றிப் போக இயலாது. அவற்றை ஒட்டி 37 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். அதற்கப்பால் மனுஹெரிக்கியா ஆற்றின் வெளி விரிகிறது.

நம் இலக்கணம் நிலத்தை மட்டும் முதற்பொருள் என்று சொல்லவில்லை; நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்றது. இதை மாணவப் பருவத்தில் மனப்பாடம் செய்தேன். பொருள் விளங்கியது இச்சரளைப் பாதையில்தான். கார் நிலத்தைக் காட்டியது, பொழுதைக் காட்டவில்லை. மிதிவண்டியில் காலைப் பனி கைவிரலைக் கடிக்கிறது. நண்பகலில் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. பாதைக்கு அருகிலுள்ள ஓஃபிர் என்னும் சிற்றூரில் 1995ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 21.6 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. கோடையில் அதே ஊர் வெயிலில் வறள்கிறது. இந்தக் கடுமைதான் அங்குள்ள திராட்சையை வளர்க்கிறது.

ஏப்ரல் நமக்குச் சித்திரை வெயில். அங்கே இலையுதிர் காலம், திராட்சை அறுவடைக் காலம். கிளைடு அருகில் 1860களிலேயே, தங்கம் தேடி மக்கள் திரண்ட நாள்களில், ஃபெரோ என்ற பிரெஞ்சுக்காரர் திராட்சை பயிரிட்டு மது வடித்தார். அவருக்குப் பின் அத்தொழில் நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்தது. 1980களில்தான் மீண்டும் வேர் பிடித்தது. இன்று பினோ நுவார் என்னும் கருந்திராட்சைக்கு அப்பகுதி உலகப் புகழ் பெற்றிருக்கிறது. இளவேனிலில் உறைபனி விழும் இரவுகளில் தோட்டக்காரர் சிலர் துளிர்களின் மீது விடிய விடிய நீர் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைக் காக்கிறது. பனியைக் கொண்டே பனியிலிருந்து உயிரைக் காக்கும் இவ்வித்தையைக் கவிஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். கிளைடிலிருந்து குரோம்வெல்லுக்குச் செல்லும் பழைய இரயில் தடத்தில் இன்று யாரும் போக முடியாது. அது நீருக்கடியில் இருக்கிறது. மாவோரி மக்கள் மாட்டா-ஆ என்றழைக்கும் குளூத்தா ஆற்றின் குறுக்கே கிளைடில் பேரணை கட்டப்பட்டது. நீதிமன்றத்தில் எழுந்த தடையை மீற 1982இல் தனிச்சட்டமே இயற்றினார்கள். அணைக்குரிய பொருள்களைச் சுமந்ததே அந்த இரயிலின் கடைசிப் பணியாயிற்று. 1992, 1993 ஆண்டுகளில் நீர் நிறைந்தது. மலையிடுக்கின் பழத்தோட்டங்களும், குரோம்வெல்லின் பழைய கடைவீதியும், இரண்டு ஆறுகள் கூடிய துறையும் மூழ்கின. சில கட்டடங்களை மட்டும் கரையில் மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

நான் ஆதிக் கண்ணாடி என்று பாடிய ஏரி அதுதான்.

2021இல் அந்த ஏரிக்கரையிலும் ஒரு சரளைப் பாதை திறக்கப்பட்டது. சில இடங்களில் பாறையில் பொருத்திய பலகைப் பாலங்கள் நீருக்கு மேல் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றில் மிதிவண்டியை நிறுத்திக் கீழே பார்த்தேன். நீர் தெளிவாகத்தான் இருந்தது. என் கவிதையை நினைத்து நாணினேன். நிலத்தைப் பார்த்தேன்; அதன் பொழுதைக் கேட்கவில்லை. ஓர் ஊரின் இழப்பை அழகென்று பாடிவிட்டேன். மின்விளக்கின் பயனை நான் மறுக்கவில்லை. அணை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு. மூழ்கியது ஒன்று உண்டு என்பதையே அறியாமல் பாடியதுதான் என் குற்றம்.

அந்நிலத்திலேயே வாழ்ந்து பாடிய கவிஞர் ஒருவர் இருந்தார். பிரையன் டர்னர் என்பது அவர் பெயர். கிரிக்கெட் ஆட்டக்காரர் கிளென் டர்னரின் அண்ணன் என்றால் உங்களுக்கு எளிதில் விளங்கும். நான் கடந்த சரளைப் பாதையோரத்தில், ஒட்டுரெஹுவா என்னும் சிற்றூரில் நெடுங்காலம் வாழ்ந்தார். அவரும் மிதிவண்டிப் பித்தர். ஆறுகளுக்காகவும் மலைகளுக்காகவும் கட்டுரையிலும் பொதுமேடையிலும் வாதாடினார். 2025 பிப்ரவரியில் மறைந்தார். அவர் நிலத்தைக் கடந்துபோகவில்லை, அதனுடன் தங்கினார். அதனால் அவர் சொல்லுக்கு அந்நிலத்தில் மதிப்பிருந்தது.

நாம் எல்லோரும் ஒரே ஊரில் தங்கிவிட முடியாது. பயணம் செய்வோம், பாடவும் செய்வோம். ஆனால் ஒரு நிலத்தைப் பாடுமுன் அதன் வயது என்ன, இதற்குமுன் இங்கே என்ன இருந்தது என்று யாரையாவது நிறுத்திக் கேட்கும் அளவுக்கேனும் நம் வேகம் குறைய வேண்டும்.

இவ்விழா மலரில் என் பழைய கவிதையைச் சேர்க்க மலர்க்குழுவினர் அன்புடன் இசைவு கேட்டார்கள். அதை விலக்கிவிடுமாறு வேண்டிக்கொண்டேன். அதற்குரிய பக்கங்களில் இவ்வுரை இடம்பெறட்டும். புதிய கவிதை இன்னும் முடியவில்லை. முடிந்ததும் முதலில் இங்கேதான் படிப்பேன். அன்று கைதட்டுமுன் பொழுதைச் சொன்னானா என்று கேளுங்கள்.