இருத்தலும் இடையன்குடியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியும் உரத் தொழிற்சாலையும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையும் மணலிக்கு அடையாளங்களாகிவிட்டன. அவற்றிற்கு நடுவே, ஷிப்டு முடித்து, முகம் கழுவிக்கொண்டு, நேரே யாப்பிலக்கணம் பேச வருகின்ற ஒரு கூட்டத்தைப் பத்தாண்டுகள் கலையாமல் காத்திருக்கிறீர்கள். அதற்கு என் முதற்கண் பாராட்டு. “தமிழ்த்தொண்டர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்” என்று அமைப்பாளர் பணித்தார்கள். நான் இருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒருவர் நீங்கள் நன்கறிந்த கால்டுவெல். மற்றொருவர் அவருடன் 47 ஆண்டுகள் இல்லறம் நடத்திய எலிசா அம்மையார்.

இப்படி ஒரு தலைப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. முதுகலை வகுப்பில் ஒப்பிலக்கணப் பாடத்தைப் பல்லாண்டுகள் நடத்தியவள் நான். 1856ஆம் ஆண்டு, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு 1875 என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அம்மா, இவ்வளவும் எழுதினாரே, அவருக்குச் சோறாக்கிப் போட்டது யார்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. முனைவர்ப் பட்டம் பெற்ற எனக்கு அந்த வினாவிற்கு விடை சொல்லத் தெரியவில்லை. அன்று தேடத் தொடங்கியதன் பயனே இவ்வுரை.

இராபர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தவர். கிளாசுகோவில் கற்றவர். இலண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராக 1838 சனவரியில் சென்னைக் கரையில் வந்திறங்கினார். தெலுங்கறிஞர் சி. பி. பிரவுனும் அதே கப்பலில் வந்தார். அந்நாளில் இங்கே துறைமுகம் இல்லை. கப்பல் கடலிலேயே நிற்கும். மசூலாப் படகுக்காரர்கள் அலையைக் கடந்து சென்று ஆளையும் சரக்கையும் கரைசேர்ப்பார்கள். அத்தகைய படகோட்டிகளே இராயபுரத்துப் பேதுரு தேவாலயத்தை எழுப்பியவர்கள். இராயப்பர் என்பது பேதுருவின் தமிழ்ப் பெயர் என்பதை இராயபுரத்து நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, கால்டுவெல் தமிழ் மண்ணில் வைத்த முதல் அடி வடசென்னை மக்களின் கைத்துணையோடு வைக்கப்பட்டது என்று நாம் பெருமைகொள்ள இடமுண்டு.

மூன்றாண்டுகள் சென்னையில் தங்கித் தமிழ் பயின்றார். 1841இல் நற்செய்தி பரப்பும் சங்கத்தில் சேர்ந்து, மக்களையும் நாட்டையும் கண்ணால் காண விரும்பிச் சென்னையிலிருந்து நடந்தே தெற்கே சென்றார். அவ்வாண்டின் இறுதியில் அவர் சென்றடைந்த ஊர் இடையன்குடி. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், கடலுக்கு அண்மையில், செம்மணல் தேரியும் பனங்காடுமாகக் கிடந்த சிற்றூர் அது.

இரண்டாண்டுகளுக்குப் பின், 1844 மார்ச்சில், நாகர்கோவிலில் அவர் எலிசாவை மணந்தார். எலிசாவின் பெற்றோர் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இருவரும் 1819 முதல் நாகர்கோவிலில் சமயப்பணி ஆற்றியவர்கள். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு, லேஸ் பின்னும் தொழிலையும் கற்றுக்கொடுத்தவர். அடிமைத்தளையில் இருந்த பெண்கள் சிலர் அந்தப் பின்னலில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிக்கொண்டனர் என்பது வரலாறு. அத்தகைய வீட்டில், தமிழ் வழங்கும் நிலத்தில், தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் எலிசா. கால்டுவெல் இலக்கணத்தின் வழியாகத் தமிழை அடைந்தார்; எலிசாவோ அதனைத் தெருவிலும் முற்றத்திலும் கேட்டு வளர்ந்தவர். மக்கள் பேச்சில் அம்மையாருக்கு இருந்த பழக்கம் கணவருக்குப் பெருந்துணையாயிற்று என்று கால்டுவெல்லின் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இனி அவர்களுடைய அன்றாட வாழ்வைப் பார்ப்போம். பனைத்தொழில் ஊரின் நாள் விடியுமுன்னரே தொடங்கிவிடும். ஆடவர் நாளுக்கு இருமுறை மரமேறிப் பதநீர் இறக்குவர். பெண்கள் அதனைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவர். அந்த உழைப்பின் இடைவெளிகளில்தான் வழிபாடும் பள்ளியும் நடைபெற இயலும். உபதேசியார்களுக்குப் பயிற்சி அளிப்பது, சுற்றூர்ச் சபைகளுக்கு மாட்டுவண்டியிலும் குதிரையிலும் செல்வது, வழக்குகளைத் தீர்ப்பது, கிணறு தோண்டுவிப்பது, தெருக்களை நேர்வரிசையாக அமைப்பது, மரம் நடுவிப்பது ஆகியவை கால்டுவெல்லின் பணிகள். 1847இல் தொடங்கி 1880இல் நிறைவேறிய இடையன்குடித் தேவாலயத்திற்கு அவரே வடிவமைப்பாளர். வேலைப்பாடுகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் களிமண்ணில் செய்து கொத்தர்களுக்குக் காட்டினார் என்பர். ஒரு கட்டடம் முடிய 33 ஆண்டுகள்! கால்கோள் விழாவில் கைக்குழந்தையாக இருந்தவன், நிறைவு விழாவில் தன் பிள்ளையைக் கைப்பிடித்து வந்திருப்பான்.

எலிசா அம்மையாரின் பணிகள் வேறு. பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி அவர் பொறுப்பு. அன்று அவ்வூர்ப்புறத்தில் ஒரு பெண்ணைப் படிக்க அனுப்புவதென்றால் கருப்பட்டி காய்ச்சும் இரு கைகளை இழப்பதாகும். எனவே, தாயிடம் கற்ற லேஸ் தொழிலையும் அவர் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். திண்டின்மேல் வரைபடத்தை விரித்து, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் கலை அது. விரலுக்குப் பழக்கம், கண்ணுக்குக் கூர்மை, மனத்துக்குக் கணக்கு மூன்றும் வேண்டும். கணவர் வேர்ச்சொற்களையும் விகுதிகளையும் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்த அதே கூரையின்கீழ், மனைவியும் மாணவியரும் நூலிழைகளைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தனர். முன்னதன் பயன் நூலகத்தில் இருக்கிறது. பின்னதன் பயன் ஒரு பெண்ணின் முந்தானை முடிச்சில் முதன்முதலாகச் சேர்ந்த சொந்தக் காசு. இவ்விரண்டில் எது பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் பாடமாக்கி மற்றொன்றை மறந்தது என் பிழை என்று மட்டும் சொல்வேன்.

இவ்விடத்தில் ஓர் அகத்திணைச் செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். இடையன்குடி என்னும் பெயரே முல்லைப் பெயர். இடையர் குடியிருந்த இடம். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். தலைவன் வினைமேற் சென்றிருக்க, தலைவி ஆற்றியிருத்தல். இந்த ‘இருத்தல்’ என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் வாசற்படியில் அமர்ந்து வழிபார்ப்பதாகவே வகுப்பில் விளக்குகிறோம். எலிசா அம்மையாரின் வாழ்வைப் படித்தபின் எனக்கு அவ்விளக்கம் நிறைவளிக்கவில்லை. கணவர் சபைகளைச் சுற்றச் சென்றிருந்த நாட்களிலும் அவ்வீட்டின் அடுப்பு எரிந்தது. பள்ளி மணி அடித்தது. வாசலில் மருந்துக்கும் வழக்குக்கும் வந்தோர் வெறுங்கையோடு திரும்பவில்லை. இருத்தல் என்பது சும்மா இருத்தல் அன்று. ஒருவர் இருப்பதனால்தான் மற்றொருவர் செல்ல முடிகிறது. முல்லையின் இலக்கணத்திற்கு இப்படியும் ஓர் உரை எழுதலாம் என்றே எண்ணுகிறேன். புலவர்கள் மறுப்பின் கேட்டுத் திருந்துவேன்.

அவர்களுடைய முதுமைக்கு வருகிறேன். 1877இல் கால்டுவெல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது அவருக்கு வயது 62. இன்றைய கணக்கில் ஓய்வூதியம் வாங்கும் வயது. அவர்களுக்கோ அப்போதுதான் பெருஞ்சுமை வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில் பட்டினியால் வாடியோர்க்கு உதவும் பணி அது. அதே காலத்தில் அவர் கொற்கையில் அகழ்ந்து பழமை தேடினார். 1881இல் திருநெல்வேலி வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1883இல், 69ஆம் வயதில், 42 ஆண்டுகள் வாழ்ந்த ஊரைவிட்டுத் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். தம் கையால் நட்ட மரங்களையும் தாம் கற்பித்த பெண்களின் பேத்திகளையும் விட்டுப் பிரிந்து, புது ஊரில் மீண்டும் ஒரு வீட்டை ஒழுங்கு செய்வது முதிய பெண்ணொருத்திக்கு எளிதன்று. 1891இல் பணி ஓய்வு பெற்றுக் கோடைக்கானல் சென்றவர், அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாளே மறைந்தார். நெடுவாழ்வில் அவர்கள் கண்ட ஓய்வு சில திங்களே. அவர் உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. எட்டாண்டுகள் கழித்து 1899இல் எலிசா அம்மையார் மறைந்தார்.

பாராட்டு மட்டுமே பேசுவது ஆய்வாளர்க்கு அழகன்று. 1849இல் கால்டுவெல் அப்பகுதி மக்களைப் பற்றி எழுதிய சிறுநூல் அம்மக்களின் மனத்தைப் பின்னாளில் பெரிதும் புண்படுத்திற்று. கடும் எதிர்ப்பும் எழுந்தது. தாம் யாரிடையே வாழ்ந்தாரோ அவர்களையே உயரத்தில் நின்று பார்த்த பார்வை அதில் உண்டு. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்னும் கருத்தையும் சென்னையில் இருந்த எல்லிஸ் 1816லேயே சான்றுகளோடு வெளியிட்டார். இவற்றைச் சொல்வதால் கால்டுவெல்லின் பெருமை குறையாது. ஆட்சிக்கு உட்பட்ட நாட்டில், ஆள்வோரின் இனத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அது என்பதை மறவாமல் போற்றினால், போற்றுதலுக்கு உறுதி கூடும்.

1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை எழுந்தது. சொல்லின் செல்வர் இரா. பி. சேதுப்பிள்ளை அவருடைய சரிதத்தைத் தமிழில் எழுதினார். 2010இல் அஞ்சல்தலை வந்தது. இடையன்குடி இல்லம் 2011இல் அரசு நினைவில்லமாயிற்று. இவை யாவும் தகும். எனினும் ‘இல்லம்’ என்னும் சொல்லுக்குள்ளேயே இல்லாள் இருக்கிறாள் அல்லவா? கடற்கரையில் அவ்வைக்கும் கண்ணகிக்கும் இடம் கிடைத்தது. பாடியவளுக்கும் வழக்குரைத்தவளுக்கும் கிடைத்த இடம், உடனிருந்து உழைத்தவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. நான் சிலை கேட்கவில்லை. பாடநூலில் ஒரு பத்தி கேட்கிறேன்.

அரசையும் பல்கலைக்கழகத்தையும் கேட்குமுன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களுக்கு வந்துபோகிறேன். கூட்டம் தொடங்குமுன் நாற்காலிகளைத் துடைத்துப் போடுகின்ற ஓய்வுபெற்ற பெரியவரையும், இடைவேளையில் எவர்சில்வர் தூக்கில் தேநீர் கொணரும் அவருடைய துணைவியாரையும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மழை பெய்து தெருவில் முழங்கால் அளவு நீர் நின்ற நாளிலும் அந்தத் தூக்கு வந்தது. அந்த அம்மாவின் பெயர் என்ன என்று சென்ற திங்கள் நான்கு கவிஞர்களிடம் கேட்டேன். நால்வரும் “ஐயாவின் வீட்டம்மா” என்றார்கள். ஐந்தாவதாக என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கும் தெரியவில்லை. அன்றே அவர்கள் வீட்டிற்குச் சென்று, உட்கார்ந்து, பெயர் கேட்டு, ஒரு மணிநேரம் பேசிவிட்டு வந்தேன். ஒரு காலத்தில் பாட்டெழுதியவராம். நோட்டை எடுத்துக் காட்டவும் செய்தார்கள்.

எனவே மலர்க்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பத்தாம் ஆண்டு மலரில் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களோடு, நாற்காலி போட்டவர், தேநீர் தந்தவர், மெய்ப்புத் திருத்தும் கணவருக்காக விளக்கை அணைக்காமல் காத்திருந்தவர் ஆகியோரின் பெயர்களையும், அவர்கள் இசைந்தால், ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். ‘இன்னாரின் மனைவி’ என்றில்லாமல் அவரவர் பெயரால் அச்சிடுங்கள். கவிஞர்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த கவியரங்கிற்கு ‘இருத்தல்’ என்று தலைப்பு வையுங்கள். அந்த நோட்டுக்குரியவரை முதலில் பாட அழையுங்கள்.

அந்த மாணவிக்கு நான் தரவேண்டிய விடை இப்போது என்னிடம் இருக்கிறது. சோறாக்கியது யாரென்று இன்றும் எனக்குத் தெரியாது. அவ்வீட்டு அடுப்படியில் பெயர் தெரியாத இடையன்குடிப் பெண்கள் பலர் இருந்திருப்பர். ஆனால் அந்த வீட்டை வீடாக நிறுத்தியவரின் பெயர் எலிசா என்று, இவ்வாண்டு முதல் கரும்பலகையில் 1856க்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.