பிறர் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லுதல்



ஹைதராபாத் நகரில் தார்நாகாவிலிருந்து உப்பலுக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது ஹப்சிகுடா. 'ஹப்சி' என்பது அபிசீனியரைக் குறிக்கும் சொல். வேற்று நாட்டாரின் பெயர் தாங்கிய இப்பகுதியில், பிழைப்பை நாடி வந்த நம்மவரும் வாழ்கின்றோம். வந்த புதிதில் நமக்குத் தெலுங்கும் வாராது, உருதுவும் வாராது. காய்கறிக் கடையில் கைச்சாடையே போதும். மருத்துவரிடம் சென்றால் ஆங்கிலமே துணை. அத்துணை நம்மைக் கைவிட்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றோம்.

நாம் குடியிருக்கும் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. ஒருநாள் காலை, அவ்வீட்டு முதியவர் தம் மருமகளிடம், "எனக்கு நேற்று இரவிலிருந்து மார்பு வலிக்கிறது, அம்மா" என்றார். அவ்வம்மையார் பட்டம் பெற்றவர். மாமனாரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்த செவிலியிடம், "மை ஃபாதர் இன் லா டோல்ட் தட் ஐ ஆம் ஹாவிங் செஸ்ட் பெயின்" என்றார். செவிலி உடனே நாற்காலியை இழுத்து, மருமகளை அமரச் செய்து, அவருடைய கையைப் பற்றி நாடி பார்க்கத் தொடங்கிவிட்டார்! முதியவரோ மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த அம்மையாரின் ஆங்கிலச் சொற்களுக்கு உள்ளே ஓடியது தமிழ் இலக்கணம்.

தமிழில் ஒருவர் கூற்றை மற்றொருவருக்கு எடுத்துரைக்க 'என்று' என்னும் ஒரு சொல் போதும். 'என்' என்னும் வினையடியில் பிறந்த இவ்வெச்சம், சொன்னவரின் சொற்களைச் சிறிதும் கலைக்காமல் தூக்கிக்கொண்டு வந்து நம்முன் வைத்துவிடுகிறது. "'நான் நாளை வருகிறேன்' என்று சொன்னார்" என்கின்றோம். 'நான்' நானாகவே இருக்கிறது, 'நாளை' நாளையாகவே இருக்கிறது, நிகழ்காலமும் அசையவில்லை. கேட்பவர் எவரும் குழம்புவதில்லை. ஆங்கிலத்திலோ அனைத்தும் எடுத்துரைப்பவரின் இடத்திலிருந்தும் காலத்திலிருந்துமே அளக்கப்படுகின்றன. 'நான்' அவராகிறது, 'நாளை' மறுநாளாகிறது, வினையும் ஒரு படி பின்வாங்கி இறந்தகாலத்துக்குச் செல்கிறது. "ஐ ஆம் கமிங்" என்றவரைப் பற்றி, "ஹி செட் ஹி வாஸ் கமிங்" என்று கூற வேண்டும்.

அண்டை அயலாரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாமே எனில், அதற்கும் வழியில்லை. தெலுங்கில் 'அனி' என்பது நம் 'என்று' போன்றதே. அதுவும் காலத்தை மாற்றுவதில்லை. உருதுவிலும் சொன்னவரின் சொற்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இந்நகரில் வழங்கும் தக்கினி உருதுவில் ஒரு வியப்பும் உண்டு. வடக்கிலிருந்து வந்த அம்மொழி, தென்மொழிகளின் 'என்று', 'அனி' ஆகியவற்றின் பழக்கத்தால், 'சொல்லி' எனப் பொருள்படும் 'போல்கே' என்னும் சொல்லை அதே பணிக்கு அமர்த்திக்கொண்டது. ஆக, நம் தெருவில் ஒலிக்கும் மொழிகளில் ஆங்கிலம் ஒன்றே தனிவழி செல்கிறது.

இத்தனைக்கும், அருகிலுள்ள உஸ்மானியாப் பல்கலைக்கழக வளாகத்தில்தான், ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பொருட்டு மத்திய ஆங்கில நிறுவனம் 1958-இல் தோன்றிற்று. 2007-இல் அது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும், மருத்துவமனை வாயிலில் நிற்பவருக்கு அவ்வளாகம் அருகிலிருந்து என் செய்வது?

மருமகளின் கதை இன்னும் முடியவில்லை. முதியவரைச் சோதித்த மருத்துவர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டா என்று வினவினார். "தினமும் சாப்பிடுகிறேன்" என்றார் முதியவர். அம்மையாருக்குப் பள்ளியில் மனனம் செய்த விதி இப்போது நினைவுக்கு வந்தது. நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கி, "ஹி செட் ஹி டுக் தி டேப்லட் டெய்லி" என்றார். விதிப்படி அதில் பிழையே இல்லை. மருத்துவரோ, முன்பு உண்டார், இப்போது நிறுத்திவிட்டார் என்று பொருள்கொண்டு, புதிதாக வேறொரு மாத்திரையை எழுதப் போனார். முதியவர் தம் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டியிராவிடில் இரண்டு மருந்துகளும் சேர்ந்தே உள்ளே போயிருக்கும்.

பள்ளிப் பாடம் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான். சொன்ன செய்தி இன்றும் மெய்யாக நிற்குமாயின் காலத்தை மாற்றாமலே விடலாம். "ஹி செட் ஹி டேக்ஸ் இட் டெய்லி" என்பதும் நல்ல ஆங்கிலமே. நேர்கூற்றை அயற்கூற்றாக்குக என ஐம்பது வாக்கியங்களைக் கொடுத்து, இயந்திரம்போல் மாற்றச் செய்யும் பயிற்சியில் நமக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அதைவிட எளிய வழி ஒன்றுண்டு. அருகில் இருப்பவரின் பேச்சை எடுத்துரைக்கையில் 'செட்' என்னாமல் 'சேஸ்' என்று தொடங்கினால், பின்வரும் வினையின் காலத்தைத் தொடவே வேண்டுவதில்லை. 'நான்' என்பதை மட்டும் 'அவர்' ஆக்கினால் போதும். தமிழிலேயே இதற்கு ஒரு துணை உண்டு. "தமக்கு வலிப்பதாகச் சொல்கிறார்" என்று முதலில் மனத்தில் அமைத்துக்கொண்டால், 'நான்' தானே விலகிவிடும்.

வேறு இரண்டையும் கூறிவிடுகின்றோம். 'டோல்ட்' என்ற சொல்லுக்குப் பின் யாரிடம் என்பது வந்தே தீரவேண்டும். 'டோல்ட் மீ' என்க. "எங்கே போகிறாய் என்று கேட்டார்" என்பதை, "ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்" என்று, வினாவின் முறையைக் கலைத்தே சொல்ல வேண்டும். மேலும், "நேற்றிலிருந்து வலிக்கிறது" என நாம் நிகழ்காலத்தில் கூறுவதற்கு, ஆங்கிலத்தில் 'ஹாஸ் ஹாட்' என்னும் வடிவமே பொருந்தும்.

அடுத்த மாதம் அம்மையார் மாமனாருடன் மீண்டும் அம்மருத்துவமனைக்குச் சென்றார். வழிநெடுக ஆட்டோவில் முணுமுணுத்துக்கொண்டே சென்றாராம். "ஹி சேஸ் ஹி ஹாஸ் ஹாட் நோ பெயின் சின்ஸ் தென்" என்றார். செவிலி தலையசைத்து நாற்காலியை இழுத்தார். இம்முறை அதில் மாமனாரே அமர்ந்தார்.