பூவும் பொழுதும்



பத்தாண்டுகளாக இவ்வரங்கில் படிக்கப்பெற்ற கவிதைகளில் பூக்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அவற்றுட் பல, ஆண்டு முழுதும் பூத்தே நிற்கின்றன. மார்கழிப் பனியில் மல்லிகை குவிகிறது; நள்ளிரவில் தாமரை விரிகிறது. பூவைக் கடையில் முழம் போட்டு வாங்கப் பழகியவர்கள் நாம். முழத்துக்கு ஏது பருவம்? வீட்டுக் கொல்லையில் பூ வளர்ப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் மாமனார் ஓய்வுபெற்ற கணக்காசிரியர். கவிதை படிப்பவர் அல்லர். பூசைக்கென்று ஒரு மல்லிகைப் பதியனை நட்டார். அடுத்தடுத்த கோடைகளில் அது கூடை கூடையாகக் கொடுத்தது. ஐப்பசியில் ஓய்ந்தது. அந்த வெறுமைதான் அவரைப் பிடித்துக்கொண்டது என்பேன். மல்லிகை இல்லாத மாதத்தில் எது பூக்கும் என்று தேடத் தொடங்கினார். மழைக்கு முல்லையும் பவளமல்லியும் வந்தன. குளிருக்கு டிசம்பர்ப் பூவும் செவ்வந்தியும் வந்தன. எதில் எந்நாள் முதல் அரும்பு கண்டது என்று கோடிட்ட குறிப்பேட்டில் பதிந்துவந்தார்.

மல்லிகையை விடியலில் மொட்டாகப் பறிக்க வேண்டும். இன்று மாலை விரியவிருப்பது வெண்மை திரண்டு நிற்கும். நாளைக்குரியது பசுமை மாறாமல் இருக்கும். இரண்டும் ஒரே கொத்தில் இருக்கும். விரல் பிரித்தறிய வேண்டும். அரும்பு, போது, மலர், வீ என்று நம் முன்னோர் வகுத்த சொற்களை ஒருபொருட் பன்மொழியாக மனப்பாடம் செய்கிறோம். அவை பூப் பறித்தவர்களின் தொழிற்சொற்கள் என்றே எனக்குப் படுகிறது.

கார்த்திகையில் கவாத்து. தண்ணீரை நிறுத்திப் பசிய செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார். பார்க்க மனம் பொறாது. ஆனால் அரும்பு கட்டுவது புதுத் தளிரின் நுனியில். வெட்டாத செடி வேனிலில் கை விரித்துவிடும்.

செவ்வந்தியின் கணக்கு வேறு. பகல் சுருங்கி இரவு நீளும் நாள்களில்தான் அது அரும்பும். தெருவிளக்கின் ஒளி விழுந்த தொட்டி மட்டும் இலையாகவே நின்றது. அதை இருட்டுக்கு நகர்த்திய பின்னரே பூத்தது. இருளையும் ஓர் உரமாகக் கொள்ளும் பூவைப் பற்றி இவ்வட்டத்தில் இன்னும் யாரும் எழுதவில்லை!

செங்காந்தளை மகளிர் விரலுக்கு உவமையாகவே அறிவோம். கோடையில் கொடி சுவடின்றிக் காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் துயிலும். மழை கண்டதும் முளைத்து, இலைநுனியையே சுருட்டிக் கொழுகொம்பைப் பற்றி ஏறும். இதழ்கள் மஞ்சளாய்த் தொடங்கிச் செந்தீயாய் முதிரும். (கிழங்கு கொடிய நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் எச்சரிக்கை தேவை.)

முல்லைத் திணைக்குக் காரும் மாலையும் பொழுது என்று தொல்காப்பியர் வகுத்ததைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். மழை ஓய்ந்த ஒரு புரட்டாசி மாலையில், கொல்லைக் கொடியில் மொட்டுகள் கண்ணெதிரே நெகிழ்வதைக் கண்டபோது, காத்திருப்பவளுக்கு அந்த மணம் எவ்வளவு கொடியது என்பது விளங்கிற்று. தலைவன் வருவதாகச் சொன்ன பருவத்தைப் பூ அறிவித்துவிடுகிறது, அவனோ வரவில்லை. நாள்காட்டியைக் கிழிக்காமல் இருக்கலாம். முல்லையை மலராதே என்று சொல்ல இயலுமா? அந்தப் பூவின் காலத்தை அறியாதவர்க்கு அந்தப் பாட்டில் துயரமே இல்லை.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைத் தொடுத்தார். என் முதுகலை மாணவியர் அப்பட்டியலைத் தடையின்றி ஒப்பிப்பர். நொச்சிக் கொத்தொன்றை வகுப்புக்குக் கொண்டுசென்றேன். பெயர் சொல்ல ஒருவராலும் இயலவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அடுக்ககத்தில் கொல்லை ஏது? எங்கள் தெருவிலும் கொல்லையுள்ள வீடுகள் இரண்டுதான் எஞ்சியுள்ளன. மாமனாருக்கு இப்போது குனிய முடிவதில்லை. குறிப்பேட்டை நான் எழுதுகிறேன்.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பூவைக் கொண்டுவாருங்கள். கடையில் வாங்கியது வேண்டா. தொட்டியில் பூத்ததோ வேலியில் பூத்ததோ, அது விரிந்த நாளையும் நேரத்தையும் ஒரு சீட்டில் குறித்து வாருங்கள். கவிதையை அதன் பிறகு படிக்கலாம்.