சி10 எங்கே போச்சு?

இன்னைக்கு ரொம்பச் சின்ன விஷயம்தான். ஆட்டோகேட்ல ஒரு வட்டத்துக்குள்ள எழுத்தை நடுவில் வைப்பது எப்படி? "இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா"ன்னு சிரிக்காதீங்க. நான் பட்ட பாடு அப்படி.

வேலைக்குச் சேர்ந்து மூணாவது மாசம். ஒரு வீட்டுக்கு பில்லர் லேஅவுட் வரைஞ்சேன். ஒவ்வொரு பில்லர் பக்கத்திலும் சின்ன வட்டம், அதுக்குள்ள பெயர்: சி1, சி2, சி3. முதல் வட்டத்தில் எழுத்தைக் கண்ணளவில் நடுவில் வைத்தேன். மற்றதெல்லாம் காப்பி, எண்ணை மட்டும் மாத்தினேன். சி9 வரைக்கும் சுத்தமா இருந்தது. சி10 வந்ததும் எழுத்து வலது பக்கம் நீண்டு, கடைசி சைபர் வட்டத்தின் கோட்டுக்குள்ள புதைஞ்சிடுச்சு. ஸ்கிரீன்ல வேற வேற கலர், அதனால தெரியலை. கருப்பு வெள்ளை பிரிண்ட்டில் பார்த்தா அது 'சி1' மாதிரியே இருக்கு.

சைட்டிலிருந்து கம்பி கட்டுற மேஸ்திரி போன் பண்ணார். "தம்பி, சி1 தள்ளித் தள்ளி ரெண்டு இடத்துல இருக்கே, ரெண்டுக்கும் நாலு கம்பிதானா?"

எனக்கு வேர்த்துடுச்சு. சி1-க்கு 12 எம்எம் கம்பி நாலு. சி10-க்கு 16 எம்எம் கம்பி எட்டு. அவர் கேட்காமல் கட்டியிருந்தால், கான்கிரீட் போட்ட பிறகு யார் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது.

தப்பு எங்கேன்னா, டெக்ஸ்ட் கமாண்டை அப்படியே விட்டால் எழுத்து இடது ஓரத்துப் புள்ளியிலிருந்துதான் கிளம்பும். ஒரு எழுத்து கூடினால் வலது பக்கம் மட்டுமே வளரும்.

அதனால டெக்ஸ்ட் கொடுத்ததும் 'ஜே' அடிச்சு ஜஸ்டிஃபை போங்க, அதுல 'எம்சி', அதாவது மிடில் சென்டர். பக்கத்திலேயே வெறும் 'மிடில்'னு ஒண்ணு இருக்கும். அது கீழே இறங்குற வாலையும் சேர்த்து நடு பார்க்கும். எம்சி, பெரிய எழுத்தின் உயரத்தை மட்டும் வெச்சுப் பார்க்கும். நம்ம பில்லர் பெயர்களுக்கு எம்சிதான் சரி.

அடுத்து, எங்கே கிளிக் பண்றது? வட்டம்னா சென்டர் ஸ்னாப். செவ்வகம்னா 'எம்2பி' அடிச்சு எதிரெதிர் மூலை ரெண்டையும் தொடுங்க. மூடிய பாலிலைன்னா ஜியோமெட்ரிக் சென்டர் ஸ்னாப், 2016 வெர்ஷன்லேர்ந்து இருக்கு. ஆனா எல் வடிவ அறையில் அந்த மையம் சில சமயம் அறைக்கு வெளியே விழும். அங்கே கையால வைப்பதுதான் வழி.

ஏற்கெனவே வரைஞ்சாச்சா? ஜஸ்டிஃபைடெக்ஸ்ட் கமாண்ட் கொடுத்து எல்லாத்தையும் எம்சி ஆக்குங்க. எழுத்து நகராது, அதோட பிடிப்புப் புள்ளி மட்டும் மாறும். பிறகு மூவ் கொடுத்து, இன்செர்ஷன் ஸ்னாப்பில் பிடிச்சு வட்டத்தின் மையத்தில் விடுங்க. இதைவிட நல்லது, வட்டத்தையும் எழுத்தையும் ஒரே பிளாக்கா செஞ்சு, உள்ளே ஆட்ரிப்யூட்டை எம்சியில் வைப்பது. அப்புறம் எண் மாறினாலும் ரெண்டு பக்கமும் சமமா விரியும்.

நான் இப்பெல்லாம் முதல்ல டிராயிங்லயே நீளமான பெயரைத்தான் வட்டத்துக்குள்ள போட்டுப் பார்ப்பேன். அது அடங்கினா மத்ததும் அடங்கும். அனுப்புறதுக்கு முன்னாடி கருப்பு வெள்ளையில ஒரு பிரிண்ட். மேஸ்திரி கையில் இருக்கப்போறது அந்தத் தாள்தானே. எல்லா மேஸ்திரியும் போன் பண்ணிக் கேட்க மாட்டாங்க மக்களே.