குறித்த வேளையில் நடவாத கட்டளை

குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் என்னும் நிரல், 1979-இல் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட யூனிக்ஸ் 7-ஆம் பதிப்பிலேயே இருந்தது. இன்றும் அவ்வழிவந்த கணினிகளில் இரவுதோறும் கணக்குக் கோப்புகளைப் படியெடுத்து வைக்குமாறு அதனைப் பணிக்கிறோம். நாமே இயக்கும்போது பழுதின்றி நடந்த வேலை, கிரானிடம் விட்டபின் சில வேளை நடவாது போகிறது. வன்வட்டுப் பழுதாகும் நாளில்தான் படி இல்லையென்பது தெரியவருகிறது. காரணம் யாது?

நாம் உள்நுழைந்து கட்டளையிடும்போது, நிரல்கள் உள்ள இடங்களின் பட்டியல் நம்முடன் வருகிறது. கிரானுக்கோ மிகச் சுருங்கிய பட்டியலே உண்டு. புதிய ஊரில் தெருப்பெயரின்றி வீடு தேடும் துன்பம், ஊர்விட்டு வந்த நம்மவர் அறியாததன்று. ஆதலின் ஒவ்வொரு நிரலுக்கும் கோப்புக்கும் முழு முகவரி எழுதுதல் வேண்டும்.

முதற்கண், வேலை தொடங்கியதா என்பதைக் கணினியின் பதிவுக் கோப்பில் காண்போம். தொடங்கவில்லையெனில் நேரத்தை ஆராய்வோம். கணினி உலகப் பொதுநேரத்தில் இயங்குமாயின், இரவு 2 மணிக்கெனக் குறித்தது நமக்குக் காலை 7.30-க்கே நடைபெறும். தொடங்கி இடையில் நின்றதெனில், பிழைச்செய்திகளைத் தனிக் கோப்பில் எழுதச் செய்து படிப்போம். கட்டளையிலுள்ள விழுக்காட்டுக் குறியைக் கிரான் வரிமுறிவாகக் கொள்ளும் என்பதையும் மறவாதிருப்போம்.

இத்தனையும் திருத்திய பின்னர், எடுத்த படியிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்ப்போம். அதுவே வேலை நடந்தமைக்குச் சான்று.