சேனைக்கு முன் சீம்பால்

 

புரட்டாசியில் கரிசலில் உளுந்து விதைக்குமுன் விதையில் ரைசோபியம் கலந்து நிழலில் உலர்த்துகின்றோம். நல்ல நுண்ணுயிர் வேரில் முந்திக் குடியேற வேண்டுமென்பதே நோக்கம். சிசுவின் குடலும் புதுநிலமே. பிறக்கும்போது தாயிடமிருந்தும், பின்னர் தாய்ப்பாலிலிருந்தும் அங்கே நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. தாய்ப்பாலிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க இயலாது. அவை பிஃபிடோ என்னும் நற்கிருமிகளுக்கு உணவாகின்றன. விந்தையன்றோ!

நம் வீடுகள் சிலவற்றில் நடப்பதென்ன? சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைக்கின்றோம். கழுதைப்பாலையும் சங்கிற் புகட்டுகின்றோம். கன்றுக்கு மறுக்காத சீம்பாலைப் பேரனுக்கு மறுக்கின்றோம்! அந்தத் தண்ணீரோடு எக்கிருமி முந்துமென்று யார் கண்டார்?

ஒடிசாவின் கிராமங்களில் தாய்ப்பாலருந்திய 4,556 சிசுக்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு ஏழு நாள் நற்கிருமியை அதற்குரிய சர்க்கரையோடு ஊட்டினர். குருதித்தொற்றோ மரணமோ நேர்ந்தவர், ஊட்டப்படாதோரில் 100க்கு 9. ஊட்டப்பட்டோரில் ஏறத்தாழ 5. இதைக் கேட்டுக் கடைமருந்து வாங்கக் கிளம்ப வேண்டா; மருத்துவர் சொல்லட்டும்.

அறுவைப் பேற்றில் இக்குடியேற்றம் வேறுபடும். அக்குழந்தைக்கும் சீம்பாலே தகும்.

பிறந்த ஒரு மணிக்குள் சீம்பால். ஆறு மாதம்வரை, சித்திரை வெயிலிலும், தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டா. சேனை வைக்கும் மூத்தோர் மனம் நோகாதிருக்க, அவ்வுரிமையை ஆறு மாதத்திற்குப்பின் சோறூட்டும் நாளுக்கு மாற்றலாம். அடுத்த கிராமசபையில் சுகாதாரச் செவிலியரையும் பாட்டிமாரையும் அருகருகே அமர்த்திப் பேசச் செய்வோம்.